கொடுமணலில் பார்க்க என்ன இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஈரோட்டில் நடந்த ஒரு சிறிய இலக்கியச் சந்திப்பில் நண்பர் ஒருவர் தம்முடைய கிரீட் தீவுப் பயணக் கட்டுரையை வாசித்தார். முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். கட்டுரை நன்றாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மத்தியதரைக் கடலின் அந்தத் தீவில், ஹெராக்லியோன் நகரிலிருந்து ஃபைஸ்டோஸ் அரண்மனை இடிபாடுகளுக்குச் செல்ல அவர் வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் ஏறும் பேருந்திலேயே ஏறியிருக்கிறார். அறுபது கிலோமீட்டர் தூரம். ஒலிவத் தோப்புகள், வளைந்து ஏறும் மலைப்பாதை, காய்கறிப் பையுடன் ஏறி இறங்கும் மூதாட்டிகள், அந்தப் பேருந்துகளைப் பேருந்து உடைமையாளர்களே கூட்டாகச் சேர்ந்து நடத்துகிறார்கள் என்ற தகவல். எளியவர்களின் பக்கத்து இருக்கையில் அமர்ந்துதான் தொன்மையை நோக்கிப் போக வேண்டும் என்ற பொருள்பட முடித்திருந்தார். எல்லோரும் கைதட்டினோம்.

கேள்வி நேரத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா கொடுமணலுக்குப் போயிருக்கீங்ளா?" என்று கேட்டாள். நண்பர் சற்றே வியப்புடன், "அங்க பாக்கறதுக்கு என்னம்மா இருக்குது? தோண்டி மூடிட்டாங்க. வெறும் பொட்டக்காடு" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தியூரில் பிறந்து வளர்ந்து, நாற்பது ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரியும் நான், என் வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கொடுமணலுக்கு அதுவரை போனதில்லை. நண்பர் சொன்ன அதே காரணம்தான் எனக்குள்ளும் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தின் மீது நான் தொடுக்கும் வழக்கு. என் மீதும்தான்.

கொடுமணல் எது என்பதை இங்கு வாசிப்பவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால் அன்றைய கூட்டத்தில் கேட்ட சிரிப்பு எனக்கு வேறொன்றைச் சொல்லியது. ஆகவே சொல்கிறேன். சென்னிமலைக்கு மேற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில், நொய்யலாற்றின் வடகரையில் இருக்கும் சிற்றூர் அது. பதிற்றுப்பத்தில் இரண்டு பாடல்கள், 67ஆம் பாட்டில் கபிலரும் 74ஆம் பாட்டில் அரிசில் கிழாரும், 'கொடுமணம்' என்ற ஊரை அதன் அணிகலன்களுக்காகப் பெயர் சொல்லிப் பாடுகிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தை அச்சில் கொண்டுவந்தபோது இந்த ஊர் உரையாசிரியர்களுக்கு வெறும் பெயர்தான். அதே பாடல்களில் உடன் வரும் 'பந்தர்' என்ற ஊர் எங்கே என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் கொடுமணம், கடைசி மெய்யெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, தன் இடத்திலேயே இருந்தது. புலவர் செ. இராசு போன்றவர்கள் அதைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். 1985 முதல் 1990 வரை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரைக் கொண்டு அகழ்ந்தது. 2012, 2013இல் ராஜன் மீண்டும் அங்கே வந்தார். பிறகு தமிழக அரசின் தொல்லியல் துறை வந்தது.

கவிதையில் என்ன சொல்லியிருந்ததோ அதுவே மண்ணுக்கு அடியில் இருந்தது. நகை செய்யும் ஊர் என்று பாட்டு சொன்னது. தோண்டியபோது கல்மணி செய்யும் பட்டறைகள் வந்தன. பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம், அகேட் என்று பல கற்கள். முழுதாகச் செய்து முடித்த மணிகளைவிட முக்கியமானவை பாதியில் நின்றவை: துளையிடும்போது உடைந்தவை, தேய்க்கத் தொடங்கிக் கைவிட்டவை, கழிவுச் சில்லுகள். ஓர் ஊரில் தொழில் நடந்தது என்பதற்குக் கழிவைவிட நல்ல சாட்சி வேறில்லை. இரும்பை உருக்கிய உலைகளும் எஃகு செய்த மூசைகளும் கிடைத்தன. ஒரே ஒரு ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. வெண்கலத்தில் செய்து, உடலெங்கும் கல் பதித்த சிறு புலி ஒன்றும் கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஐந்நூறுக்கும் மேல். சங்கப் பாடல் ஒன்று பெயர் சொன்ன ஊரை, அது சொன்ன தொழிலோடு, எழுதப் படிக்கத் தெரிந்த அதன் மனிதர்களின் பெயர்களோடு நாம் கையால் தொட முடிவது மிகச் சில இடங்களில்தான்.

அந்த இடத்தைத்தான் பொட்டக்காடு என்று சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் அந்தியூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றேன். கார் வைத்திருக்கும் மைத்துனர், "நான் கொண்டுபோய் உடறனுங்க மாமா" என்றதை மறுத்துவிட்டேன். நண்பர் கிரீட்டில் செய்ததை நான் கொங்கில் செய்து பார்ப்பது என்று முடிவு. வெற்றிலைக் கட்டுகளோடு சேர்ந்து ஏறினேன். பவானி வரை கூட்டம், பவானியிலிருந்து ஈரோடு வரை அதைவிடக் கூட்டம், ஈரோட்டிலிருந்து சென்னிமலை வரை சன்னலோர இருக்கை. இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. இந்த மாவட்டத்துச் சாலைகளையும் பேருந்துகளையும் தமிழ்நாட்டின் பல பகுதிகள் பொறாமைப்படலாம். கந்த சஷ்டி கவசம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் மலைக்கும், தறிச்சத்தம் ஓயாத தெருக்களுக்கும் பெயர்பெற்ற சென்னிமலைவரை பயணம் எளிது. அங்கிருந்து கொடுமணல் செல்லும் நகரப் பேருந்துக்காக ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். இரண்டு தேநீர்.

பேருந்து வந்தது. ஏறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணமில்லாச் சீட்டை நடத்துநர் வேகமாகக் கிழித்துக்கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "கொடுமணல் ஒண்ணு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, அன்போடு கேட்டார்:

"கொடுமணல்ல யாரூட்டுக்குங்க?"

நான் விழித்தேன். அந்தப் பேருந்தில் கொடுமணலுக்குச் சீட்டு வாங்குபவர் யாராவது ஒருவருடைய வீட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணம், கருமாதி, பெண் பார்த்தல், சீர். ஊரைப் பார்க்கவென்றே ஒருவர் போவார் என்பது அவருடைய பட்டறிவிலேயே இல்லை. "சும்மா, பழைய இடத்தைப் பாக்கறதுக்குங்க" என்றேன். முன் இருக்கையில் இருந்த பெரியவர் திரும்பி, "அந்தப் பாண்டியன் குழி தோண்டுனாங்களே, அங்கீங்ளா? நாங்கூட ஒரு பருவம் கூலிக்குப் போனனுங்க" என்றார். பிறகு அரை மணி நேரம் அவர்தான் எனக்கு ஆசிரியர். மண்ணைச் சுரண்டுவதற்கும் வெட்டுவதற்கும் என்ன வேறுபாடு, மணி தெரிந்தால் எப்படி உடனே கையை எடுத்துவிட வேண்டும், சலிக்காமல் ஒரு கூடை மண்ணைக்கூட ஏன் கொட்டக் கூடாது என்றெல்லாம் சொன்னார். ஆய்வறிக்கைகளில் இவர் பெயர் இருக்காது. இவருடைய கையும் கண்ணும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன.

இந்த இடத்தில் சிறிது விலகிச் செல்ல அனுமதி வேண்டும். 1972இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சேரன் என்று பெயர் வைத்தார்கள். கொடுமணத்தைப் பாடிய இரண்டு புலவர்களும் சேரர்களைப் பாடியவர்கள். பிறகு அதிலிருந்து பிரிந்து ஈரோட்டுக்கு ஜீவா வந்தது. 1997இல் பெயர்களின் பேரால் தென்மாவட்டங்களில் மூண்ட கலவரத்துக்குப் பின் எல்லாப் பெயர்களும் அகற்றப்பட்டன. அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். ஆனால் என் இளமையில், சேரன் என்று நெற்றியில் எழுதிய பேருந்துகள் இந்த மண்ணெங்கும் ஓடியபோதும், சேரனின் கொடுமணத்துக்கு அதில் ஏறிப் போக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரோடு நிறைவடைந்துவிடுவது நமக்குப் பழகிய ஒன்று.

சரி, பார்க்க என்ன இருக்கிறது? கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள், இடையிடையே வெள்ளைவேல மரங்கள். ஊரைத் தாண்டி நடந்தால் தரையில் பாதி புதைந்த பெருங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. முதலில் ஒன்று தெரியும். கண் பழகியதும் அடுத்தது. பிறகு எங்கும் வட்டங்களாகத் தெரியத் தொடங்கும். பெயர்ந்து கிடக்கும் பலகைக் கற்கள். காலடியில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், மழை கழுவிய வெண்கற்சில்லுகள். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள் என்பது உண்மை. மூடத்தான் வேண்டும், திறந்து கிடந்தால் வெயிலும் மழையும் ஆடும் மாடும் இரண்டு ஆண்டுகளில் தின்றுவிடும். நண்பர் குற்றமாகச் சொன்னது உண்மையில் ஒரு பாதுகாப்பு முறை.

ஃபைஸ்டோஸில் நண்பர் கண்டது என்ன? அவர் கட்டுரையின்படியே, முழங்கால் உயரச் சுவர்கள், அகலமான படிக்கட்டு, முற்றம், சமவெளியைப் பார்த்த காட்சி. மிச்சத்தை அவர் தாமே கட்டியெழுப்பிக்கொண்டார். படித்த நூல்களிலிருந்தும், அருங்காட்சியகத்தில் முந்தைய நாள் பார்த்தவற்றிலிருந்தும் கட்டினார். அதே தீவின் நாசோஸில் ஆர்தர் எவன்ஸ் 1900 தொடங்கி அகழ்ந்தபோது, கற்பனைக்கு அந்த வேலையை விட்டுவைக்காமல் கான்கிரீட்டில் தூண்களை நிறுத்தி வண்ணமும் பூசிவிட்டார். அதில் எது மினோவர்களுடையது, எது எவன்ஸுடையது என்ற சண்டை நூறாண்டு தாண்டியும் முடியவில்லை. 2025இல் அந்த அரண்மனைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டன. ஆக, இடிபாடு என்பது எங்கும் பாதிதான் மண்ணில் இருக்கிறது. மறுபாதியைப் பார்ப்பவர் கொண்டுவர வேண்டும். கிரீட்டுக்குப் போகும்போது அந்த மறுபாதியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறும் நாம், கொடுமணலுக்கு வெறுங்கையோடு போய் எதுவும் இல்லை என்கிறோம். அதுவும் போகாமலேயே சொல்கிறோம்.

நண்பரை மிகவும் நெகிழ வைத்தது 1908இல் ஃபைஸ்டோஸில் கிடைத்த களிமண் வட்டு. ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. சுருள் சுருளாக அச்சுக்குறிகள். அதை எல்லோரும் ஏற்கும்படி இதுவரை யாரும் படித்துக் காட்டவில்லை. "நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் நம்மகிட்டச் சொல்ல வந்த செய்தி" என்று வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான் உடல் சிலிர்த்தது. ஆனால் கொடுமணல் ஓடுகளில் இருப்பதை நம்மால் படிக்க முடிகிறதே! சம்பன், சுமணன், விஸாகி, கண்ணன் ஆதன். பானைக்குச் சொந்தக்காரர்கள் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். படிக்க முடியாத வட்டுக்கு உருகுகிற நாம், படிக்க முடிகிற பெயருக்கு ஏன் உருகுவதில்லை?

இதற்கு ஒரு விடை எனக்குத் தோன்றுகிறது. அது பலருக்கும் பிடிக்காது. அந்தப் பெயர்களை மீண்டும் பாருங்கள். கண்ணன் ஆதன் தமிழ்ப்பெயர். சுமணனும் விஸாகியும் வடபுலத்துச் சாயல் உடையவர்கள். 'நிகம' என்ற பிராகிருதச் சொல், வணிகர் குழுவைக் குறிப்பது, இன்னொரு ஓட்டில் இருக்கிறது. சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத்துப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், கைத்தொழிலாளிகள், ஊர்விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள் சேர்ந்து வாழ்ந்த ஊர் அது. இன்றைய திருப்பூரைப் போல என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் கொங்கின் வரலாறு என்று நாம் அச்சடித்துக் கல்யாண வீடுகளில் பரிசளிக்கும் நூல்கள் வேறு வகையானவை. காணியூர்ப் பட்டியல், குலப் பட்டியல், பட்டக்காரர் வம்சாவளி. அவற்றில் பயனுள்ளவையும் உண்டு. செப்பேடுகளைத் தேடித் தொகுத்தவர்களின் உழைப்பை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். எனினும் அந்தச் சட்டகத்துக்குள் விஸாகிக்கு இடமில்லை. அவருக்குக் குலமும் தெரியாது, காணியும் தெரியாது. யாரூட்டுக்கு என்ற கேள்விக்கு அவரிடம் நாம் விரும்பும் விடை இல்லை.

மேடைத் தமிழர்களின் கதை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குக் கொடுமணல் வேண்டும். மிக நன்றாகவே வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்காக மட்டுமே வேண்டும். கரிமக் காலக்கணிப்பு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைத் தொடுகிறதா, நான்கா, அசோகனுக்கு முன்னா பின்னா என்பது அறிஞர்கள் பொறுமையாக வாதிட வேண்டிய கேள்வி. அந்த வாதம் நடக்கிறது. மேடைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெரிய எண்ணாக ஒன்று கிடைத்தால் போதும், கைதட்டு வாங்கிவிடலாம். கைதட்டியவர்களில் ஒருவராவது மறுநாள் அந்த ஊருக்குப் போனாரா? நடத்துநரின் கேள்வியே விடை.

மத்தியதரைக் கடலுக்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் அந்தக் கடல் கொடுமணலுக்கு அயலானது அல்ல. நண்பர் இன்று யூரோக்களைக் கொண்டுபோய் அங்கே செலவிடுகிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பணம் எதிர்த்திசையில் வந்தது. கொடுமணலை ஒட்டியிருக்கும் கத்தாங்கண்ணியில் இருநூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 என்று மூன்று முறை கிடைத்தன. இந்தியச் சரக்குகளுக்காக ரோமின் செல்வம் ஆண்டுதோறும் கரைகிறது என்று பிளினி கணக்குப் போட்டுப் புலம்பினார். பச்சைக்கல்லில் சிறந்தது இந்தியாவிலிருந்து வருகிறது என்று எழுதியவரும் அவரே. காங்கேயத்தை அடுத்த படியூரில் அந்தக் கல் இருந்ததை 1819-20 வாக்கில் வெள்ளைக்காரர்கள் தோண்டியே பார்த்துவிட்டார்கள். எந்தக் கல் எந்த ரோமானியப் பெண்ணின் கழுத்தில் ஏறியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கிச் சென்ற பெருவழி இந்தக் காடுகளின் ஊடாகத்தான் கிடந்தது. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் அந்தப் பெருவழிகளில் ஒன்றுக்கு இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அன்று உலகமே வந்துபோன வழியில் இன்று நான் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.

பேருந்து குறைவு என்பதற்காக நான் எந்த அலுவலகத்தையும் திட்டப் போவதில்லை. அப்படித் திட்டுவது எளிது, நமக்கு வசதியானதும்கூட. எங்கள் அந்தியூரிலேயே ஆடியில் குருநாதசாமி கோயில் தேர் வந்தால் குதிரைச் சந்தைக்கும் மாட்டுச் சந்தைக்கும் கர்நாடகத்திலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அந்த நாட்களில் ஊருக்குள் பேருந்துகள் எறும்பு போல வரும். ஆள் போகும் இடத்துக்கு வண்டி போகும். கீழடி இதற்கு அண்மைச் சான்று. மதுரையை ஒட்டி நெடுஞ்சாலைப் பக்கத்தில் இருந்தது அதன் நல்லூழ் என்றாலும், அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோதே மக்கள் சாரிசாரியாகப் போய் நின்றார்கள். 2023இல் அங்கேயே அருங்காட்சியகம் எழுந்தது. கொடுமணலில் 1985இலேயே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் கொங்கு மண்டலத்து வாசகர்களாகிய நாம் அங்கே எத்தனை பேர் போய் நின்றோம்? இந்தப் பக்கத்தில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை, வாசகர் வட்டங்களுக்கும் பஞ்சமில்லை. குறுந்தொகைக்குக் கூடுகிறோம். பதிற்றுப்பத்து கடினம், வெறும் மன்னர் புகழ்ச்சி என்று தள்ளிவைக்கிறோம். புகழ்ச்சிக்கு நடுவில் ஓர் ஊரும் அதன் உழைப்பும் இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை.

என்ன நேர்ந்துவிட்டது இதனால் என்று கேட்கலாம். நேர்ந்ததைச் சொல்கிறேன். கல்வட்டம் ஒன்றின் அருகில் நான் உட்கார்ந்திருந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். சிறிது நேரம் பார்த்துவிட்டு, கால்சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவே இரண்டு மணிகள். ஒன்று சிவப்பு, மிளகைவிடச் சற்றே பெரியது. இன்னொன்று நிறமற்றது, துளை பாதியில் நின்றது. "மழ பேஞ்சா மேல வருமுங்க. வாங்கிக்கிறீங்ளா?" என்றான். யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "கார்ல வருவாங்க" என்றான்.

அந்த நொடியில் என் கை சட்டைப் பைக்குப் போனது என்பதை மறைக்கப் போவதில்லை. இருநூறு ரூபாய்க்குக் கபிலரின் காலத்து மணி! பிறகு கையை வெளியே எடுத்தேன். இது விற்கக் கூடாதது, சட்டப்படியும் தவறு என்று சொன்னேன். பள்ளி ஆசிரியரிடம் கொடு என்றேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். தவறு அவனுடையதா? அந்த மணிக்கு இந்த உலகில் ஒரு விலை இருக்கிறது என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் காரில் வந்தவர்கள்தான். அதற்கு விலையைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேறு யாரும் வரவில்லை. நாம் யாரும் போகாத இடத்துக்கு வாங்குபவன் போகிறான். துளை பாதியில் நின்ற அந்த மணி, எந்த மண்ணடுக்கில், எந்த உலைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வரலாறு. தீப்பெட்டிக்குள் வந்தவுடன் அது அழிந்துவிட்டது.

கூட்டம் போனால் இடம் கெட்டுவிடும், அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்று சூழல் ஆர்வலர் ஒருவர் என்னிடம் சொன்னார். கவலை நியாயமானது, நாசோஸின் கான்கிரீட்டை நினைத்தால் எனக்கும் அச்சம்தான். ஆனால் கொங்கில் பெருங்கற்காலச் சின்னங்களைப் பார்வையாளர்கள் அழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உழவுக்கும் சாலைக்கும் வீட்டடி மனைக்கும் கற்கள் பெயர்க்கப்பட்டன, அவ்வளவே. யாரும் பார்க்காத கல்லைப் பெயர்ப்பதற்கு யாரிடமும் விடை சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றையும் அப்படித்தானே விட்டோம். கொடுமணலிலிருந்து நொய்யலில் சிறிது தூரம் இறங்கினால் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். அதில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. அணை கட்டுங்கள் என்று கேட்ட உழவர்களே, தண்ணீர் தேக்காதீர்கள் என்று நீதிமன்றத்துக்குப் போன அவலம் வேறெங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது வரை அது நீண்டது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் உழவர்கள். அந்த ஆற்றங்கரையில் நம் மொழியின் பழைய எழுத்துகள் கிடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இலக்கியவாதிகளின் குரல் எவ்வளவு கேட்டது என்பதை அவரவர் நினைவில் தேடிப் பார்க்கட்டும். என் நினைவில் என் குரல் இல்லை.

எனக்கு அங்கே அலங்கார வளைவு வேண்டாம். சேர மன்னனின் சிமெண்ட் சிலை வேண்டாம். ஒளியும் ஒலியும் கண்டிப்பாக வேண்டாம். கிடைத்தவற்றில் சிலவற்றையாவது அந்த ஊரிலேயே வைக்க ஓர் அறை இருந்தால் போதும். அதைத் திறக்க, பேருந்தில் என்னோடு வந்த பெரியவரைப் போல அகழ்வில் வேலை செய்த ஒருவர் இருந்தால் போதும். மாலையில் திரும்பி வர ஒரு வண்டி. இவற்றைக் கேட்பதற்கு முன், கேட்கும் தகுதியை நாம் ஈட்டிக்கொள்ள வேண்டும். அங்கே போகாதவர் மனுவில் கையெழுத்திடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திரும்பும்போது பேருந்து வரவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் சென்னிமலை வரை ஏற்றிக்கொண்டு வந்தார். கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு வந்த எனக்கு, வழியெல்லாம் அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. ஏனெனில் அவரும் ஏறும்போதே கேட்டிருந்தார், கொடுமணலில் யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று.

அடுத்த சந்திப்பை ஈரோட்டு மண்டபத்தில் வைக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தைப்பொங்கல் கழித்து வரும் முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி, ஈரோடு பேருந்து நிலையம், சென்னிமலை வண்டி நிற்கும் இடம். பதிற்றுப்பத்து 67, 74 இரண்டையும் உரையோடு படித்துவிட்டு வர வேண்டும். மதிய உணவு கட்டிக்கொண்டு வரவும். அங்கே கடை இல்லை. காரில் வர எண்ணுபவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். கேள்வி கேட்ட அந்த மாணவி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிரீட் நண்பரும் வருகிறார். ஃபைஸ்டோஸ் படங்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கல்வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கலாம். அந்தப் பையனையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளலாம்.